சால்டரிங் கத்துக்கணுமா? மொதல்ல பிட்டைப் பாருங்க

வணக்கம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சால்டரிங் அயர்ன் கேட்டா 25 வாட் அயர்ன் எடுத்துக் குடுப்பாங்க. வயர் பத்த வைக்க அது போதும். ஆனா டெம்பரேச்சர் கண்ட்ரோல் இல்லாததால, ஸ்டாண்டுல சும்மா கெடந்தாலே சூடேறி பிட்டு, அதாவது அயர்னோட நுனி, கருத்துடும். கருத்த பிட்டுல லெட் (உருக்கி ஒட்டுற ஈயக் கம்பி) ஒட்டாது, சூடும் எறங்காது. போர்டு வேலை கத்துக்கணும்னா 60 வாட்ல, டெம்பரேச்சர் செட் பண்ற மாதிரி வாங்குங்க.

கூடவே வர்ற ஊசி பிட்டைக் கழட்டி வச்சிடுங்க. 2.4 மி.மீ. தட்டை பிட்டு போடுங்க. பேடுல, அதாவது போர்டுல பார்ட்ஸோட கால் ஒட்டுற காப்பர் எடத்துல, நல்லா படிஞ்சாதான் சூடு போகும்.

லெட் 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), 0.8 மி.மீ., உள்ள ரோசின் (லெட்டை நல்லா ஓட வைக்கிற ஃபிளக்ஸ்) இருக்கணும். இது 183 டிகிரில உருகும், அதே 183லயே உறைஞ்சிடும். 60/40 அப்படி இல்ல, 190லேர்ந்து 183 வரைக்கும் கூழ் மாதிரி நிக்கும். அந்த நேரத்துல ரெசிஸ்டர் கால் ஆடுச்சுன்னா டிரை சால்டர்தான், ஜாயிண்ட் சரியா ஒட்டாது. பைப் வேலைக்கு விக்கிற ஆசிட் பேஸ்ட்ட போர்டு பக்கமே கொண்டு வராதீங்க, போர்டுல ஓடுற காப்பர் கோட்டை, அதாவது டிராக்கை, அரிச்சிடும்.

இப்ப கிட்ட பாருங்க. அயர்ன்ல 340 டிகிரி வச்சிருக்கேன். பிட்டைத் தொடச்சு, நுனில ஒரு துளி லெட். பேடும் காலும் சேர்ற மூலைல பிட்டை வைக்கிறேன், ஒரு செகண்ட். லெட்டை பிட்டுல குடுக்கல, எதிர்ப்பக்கம் கால்ல குடுக்கிறேன். பாத்தீங்களா, தானா சுத்தி ஓடுது. மொதல்ல லெட்டை எடுக்கணும், அப்புறம்தான் பிட்டு. பேடுலேர்ந்து காலுக்குச் சரிவா ஏறி நின்னா நல்ல ஜாயிண்ட். உருண்டையா நின்னா பேடு சூடாகல.

எல்லாருக்கும் மாட்டுற எடம் கிரவுண்ட் பேடு, அதாவது போர்டோட பெரிய காப்பர் பரப்போட சேர்ந்திருக்கிற பேடு. சுத்தி இருக்கிற காப்பர் மொத்தமும் சூட்டை இழுத்துக்கும். உடனே 450க்கு ஏத்துவாங்க. அப்போ ரோசின் எரிஞ்சு போகும், பேடும் பேந்து வந்துடும். ஏத்த வேணாம். இன்னும் அகலமான பிட்டு மாத்துங்க, கொஞ்சம் ஃபிளக்ஸ் வைங்க, நாலஞ்சு செகண்ட் பொறுங்க.

வர்ற புகை ரோசின் புகை. நெஞ்சுக்கு ஆகாது, சின்ன ஃபேன் வச்சு வெளிய இழுங்க. ஈயம் கை வழியாத்தான் வாய்க்குப் போகும், சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவுங்க. அயர்ன ஆஃப் பண்றப்போ பிட்டைத் தொடைக்காதீங்க. புது லெட் பூசி அப்படியே ஆற விடுங்க, பிட்டு கருக்காது.