பத்து அலைக்கு எத்தனை விநாடி?

வணக்கம்.

கடல் அறிக்கை வந்ததும் எல்லார் காதிலும் விழுவது ஒரே எண்தான், அலை உயரம். ஒன்றரை மீட்டர் என்றால் போகலாம், மூன்று மீட்டர் என்றால் வேண்டாம். இந்தக் கணக்கு பாதிதான் சரி. அதே அறிக்கையில் விநாடியில் இன்னொரு எண் வரும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அது, அலைக்காலம் என்பார்கள். நெல்லை மாவட்டத்தில் கூட்டப்புளி தொடங்கி இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை வரை பெரும்பாலும் மணலிலேயே வள்ளத்தை இறக்கி ஏற்றுகிற நம் கரைக்கு அந்த விநாடிதான் பெரிய சேதி.

முதலில் உயரத்தை முடித்துவிடுவோம். அறிக்கை சொல்லும் உயரம் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதன் சராசரியைச் சொல்கிறார்கள். பல மணி நேரம் கடலில் நின்றால் அதைப் போல இரண்டு மடங்கு வரை ஒன்றிரண்டு அலை வந்து போகும். 2 மீட்டர் என்று கேட்டால் 4 மீட்டருக்கும் மனதில் இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி விநாடிக்கு வருவோம். இதை அளக்கக் கருவி வேண்டாம். ஆழத்தில் கிடக்கும் ஒரு மிதவையைப் பார்த்துக்கொண்டே, அது பத்து முறை ஏறி இறங்க எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். ஒரு நிமிடம் ஆனால் அலைக்காலம் 6 விநாடி. அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. காற்று தணிந்தால் தானும் தணியும். மூன்று நிமிடம் ஆனால் 18 விநாடி. அந்த அலைக்கும் இங்கே வீசும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

அது எங்கிருந்து வருகிறது? பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஏறத்தாழ 40 பாகை அட்சரேகைக்கு அந்தப் பக்கம், தென்னிந்தியப் பெருங்கடலில் வீசிய சூறாவளியிலிருந்து. 18 விநாடி அலையின் ஆற்றல் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைக் கடந்து நம் கரைக்கு வர நாலு நாளுக்கு மேல் ஆகும். விநாடி கூடக்கூட வேகமும் கூடும் என்பதால், 20 விநாடி அலை முந்திக்கொண்டு வரும், 14 விநாடி அலை ஒரு நாளாவது பிந்தி வரும். ஆகவே முதலில் வருவது உயரம் குறைந்த, மிக நீண்ட அலை. வானம் தெளிவாக இருக்கும், மேற்குக் காற்றான கச்சான் ஓய்ந்திருக்கும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் மேட்டில் ஏறும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். மலையாளக் கரையிலும் இதே சொல்தான். இன்றைக்கு அறிவியல் கட்டுரைகளிலும் இதே பெயர் நிற்கிறது. கரையில் நின்றவர்கள் வைத்த பெயர் அவ்வளவு பொருத்தம்.

ஆழக்கடலில் இந்த அலை ஒன்றும் செய்யாது. முகட்டுக்கு முகடு அரை கிலோமீட்டர் இருக்கும். அதன்மேல் படகு ஏறி இறங்குவதே தெரியாது. கரையில்தான் வம்பு. ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் தரையை உணரத் தொடங்கும். 6 விநாடி அலை 28 மீட்டர் ஆழத்தில் உணரும். 18 விநாடி அலை 250 மீட்டரிலேயே உணர்ந்துவிடும். அங்கிருந்து வேகம் குறையக் குறைய உயரம் கூடுகிறது. ஆழத்தில் இரண்டுமே 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 விநாடி அலை கரையில் சுமார் ஒன்றேகால் மீட்டராக உடையும். 18 விநாடி அலை ஏறக்குறைய 2 மீட்டராக எழும்பி உடையும். அறிக்கையில் இரண்டுக்கும் அதே 1 மீட்டர்தான். "ஒரு மீட்டர்தானே" என்று வள்ளம் இறக்கினவர் கவிழ்வது இந்த இடத்தில்தான். வழக்கமாக நுரையே காட்டாத பார்கூட, அதாவது கடலடிப் பாறைத்திட்டுகூட, அன்றைக்கு உடைக்கும். அதன் மேல் வலை போடக் கூடாது.

கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது கடலில் இருப்பது வள்ளமும் ஃபைபர் படகும் மட்டுமே, அதாவது அலையடிக்கும் கரையிலேயே ஏறி இறங்கியாக வேண்டிய படகுகள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மாவட்ட வாரியாக, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று கள்ளக்கடல் எச்சரிக்கை தருகிறது. அந்த நேரத்தோடு கடல் மட்டம் உயரும் ஏற்றமும் சேர்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின் மேல் நீண்ட அலை ஏறினால், என்றும் நனையாத இடம் நனையும். எஞ்சினையும் வலையையும் மேட்டுக்குக் கொண்டுபோவதும், நங்கூரத்தில் கிடக்கும் படகுகளை ஒன்றையொன்று மோதாத இடைவெளியில் பிரித்துக் கட்டுவதும் முந்தின மாலையே முடிந்திருக்க வேண்டும்.

அலையடிக்கும்போது கரையேறியே ஆகவேண்டும் என்றால், உடையும் இடத்துக்கு வெளியே நின்று குறைந்தது பத்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று அடங்கும். கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். அவசரப்பட்டு அலையை முந்தினால் படகின் முன்பக்கமான அணியம் தண்ணீரில் குத்தும், பின்பக்கம் தூக்கும், படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டிவிடும். பின்னால் ஓர் அலை துரத்துகிறதென்றால் வேகத்தைக் குறைத்து அதை முன்னே விடுங்கள். மீன் பாரத்தை அணியத்தில் குவித்து வைப்பதும் இதே விபத்தைத்தான் வரவழைக்கும்.

கச்சான் காலத்துக்கு வேறு கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கப்பட்டு வெளிவரும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு நேரே மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. நமக்கு அது கரைக்காற்று. அதனால் கரையோரம் குளம்போலத் தெரியும். வெளியே போகப் போகத்தான் அலை வளரும். போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். பாதி எண்ணெயைப் போவதற்கே செலவழித்தவர் கரைக்கு வந்து சேர மாட்டார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் வழியில் எரிக்காதீர்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், காற்றுக்கு எதிராக ஓடினால் அலை குறுகி, செங்குத்தாகும். காற்று "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்று வாசிக்கிறார்களே, அந்த இடையிடையே என்பதை லேசாக விடாதீர்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், 65-இன் அடி 45-இன் அடியைப் போல இரண்டு மடங்கு.

ஐப்பசி, கார்த்திகையில் தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். "ஒண்ணாம் நம்பர்தானே அண்ணாச்சி" என்று ஒரு பேச்சு உண்டு. கூண்டு எண் துறைமுகத்துக்கும் அதில் நிற்கும் கப்பலுக்கும் சொல்லப்படுவது. ஒன்று என்றால் துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை, காற்றழுத்தம் தூரக் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போகிறவர் போகும் இடமே அந்தத் தூரக் கடல்தானே!

குமரிக் கடலில் இன்னொரு சங்கடம், அவகாசம் குறைவு. ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் புயல். குமரிமுனைக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடும் புயலுக்கு நம் கடல் வலப்பக்கம். அந்தப் பக்கத்தில் புயல் நகரும் வேகமும் காற்றோடு சேரும். நடுக்கடலில் இருந்தால் காற்றுக்கு முகம் காட்டி நில்லுங்கள். புயலின் மையம் உங்கள் வலது கைப் பக்கம், சற்றுப் பின்னால். வடக்கிலிருந்து வாடையாக வீசிய காற்று கிழக்கிலிருந்து வரும் கொண்டலாகத் திரும்பி, பிறகு தென்கிழக்குக்குப் போனால் நீங்கள் வலப்பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள்.

அழுத்தமானி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். காலை, இரவு பத்து மணிவாக்கில் அழுத்தம் ஏறுவதும், நாலு மணிவாக்கில் இறங்குவதும் நம் வெப்பக் கடலில் தினப்படி வழக்கம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேற்று இதே நேரம் இருந்ததைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படுங்கள். 5 குறைந்தால் புயல் பக்கத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக் கோபுரம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. அதற்கு அப்பால் எச்சரிக்கை கேட்க, செயற்கைக்கோள் வழியாக இயங்கும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. ஆனால் அதில் செய்தி வாங்கத்தான் முடியும், பதில் பேச முடியாது. பேச வி.எச்.எஃப். வானொலிக் கருவி வேண்டும், சேனல் 16. கைக்கருவியைத் தளத்தில் உட்கார்ந்து பிடித்தால் சில மைல்தான் எட்டும். ஏரியலை வீல்ஹவுஸுக்கு மேலே ஏற்றினால் தூரம் கூடும். அழைக்கும்போது முதலில் ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லுங்கள். பிறகு எத்தனை பேர், என்ன கோளாறு. கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டிய எண் 1554.