கிட்டே போனால் தெரியும் கூட்டம்: இஞ்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் ஓவியங்கள்

[திரையில்: ‘இன்வாண்டின்டி’ ஓவியம், முழுமையாக]

ஒரு படுக்கையறை. கட்டிலில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒட்டி ஒரு வெள்ளையின ஆண் படுத்திருக்கிறார். 2012இல் வரையப்பட்ட இந்தப் படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் கதை இவ்வளவுதான்: ஒரு தம்பதி, ஓர் அமைதியான அறை.

[கேமரா மெதுவாக நெருங்குகிறது]

நெருங்கிப் பார்த்தால் அந்த அமைதி கலைகிறது. ஒரே வண்ணம் என்று நினைத்த பரப்புக்குள் சின்னச் சின்னப் புகைப்படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஓவியர் இஞ்ஜிடேகாவின் படங்களில் தரை, சுவர், திரைச்சீலை, உடை, சில நேரம் மனிதத் தோல்கூட இப்படித்தான் நிரம்பியிருக்கும். நைஜீரியப் பாடகர்கள், பத்திரிகை விளம்பரங்கள், அரசியல் முகங்கள், குடும்ப ஆல்பப் படங்கள் எல்லாம் அதில் உண்டு.

இஞ்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி 1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர், இக்போ இனத்தவர். அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலில் அவருடைய அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1999இல், 16 வயதில், இஞ்ஜிடேகா பிலடெல்பியா வந்து சேர்ந்தார். டாக்டராக வேண்டும் என்பதுதான் திட்டம். ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியலையும் ஓவியத்தையும் சேர்த்தே படித்தார், ஓவியம் ஜெயித்தது. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கிறார்.

இந்த ஊர் விவரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘நியூ ஹேவனில் தேநீர் நேரம், எனுகு’ என்று இவருடைய ஓவியம் ஒன்று உண்டு. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் அமெரிக்க ஊரின் பெயர் நியூ ஹேவன். எனுகு நகரிலும் நியூ ஹேவன் என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஓவியத்தில் இருப்பது இந்த இரண்டாவது நியூ ஹேவன். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன தேநீர் வழக்கம் அங்கே ஒரு நடுத்தர வீட்டு மேஜையில் சொந்த வழக்கமாகவே உட்கார்ந்திருக்கிறது.

[திரையில்: அச்சு மாற்றும் முறை, படிப்படியாக]

இனி செய்முறை. கொலாஜ் என்றால் நமக்குக் கத்திரிக்கோலும் பசையும்தான் நினைவுக்கு வரும். இவர் பல இடங்களில் படத்தை வெட்டி ஒட்டுவதோடு நிற்பதில்லை. புகைப்படத்தை டோனர் மையில் (லேசர் அச்சுப்பொறியின் தூள் மை) அச்செடுத்து, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி ஓவியத் தாளில் கவிழ்த்து, பின்பக்கம் அசிட்டோன் தடவுகிறார். நகப்பூச்சை அழிக்கப் பயன்படுகிறதே, அதே திரவம். அது மையை இளக்கிவிடும். அழுத்தித் தேய்த்துத் தாளை உரித்தால் படம் ஓவியத் தாளில் இறங்கியிருக்கும். அச்சு அப்படியே வருவதில்லை: இடவலம் மாறும், சில இடம் மங்கும், சில இடம் திட்டுத்திட்டாக நிற்கும். அதன் மேலும் பக்கத்திலும் அக்ரிலிக் வண்ணம், கரிக்கோல், வண்ணப் பென்சில், அங்கங்கே நிஜமாகவே ஒட்டிய தாள், துணி.

என் பார்வையில் இவருடைய கலையின் சூட்சுமமே இதுதான். ஒட்டிய படத்தை உரித்தெடுக்கலாம். தாளுக்குள் இறங்கிய மையை எடுக்க முடியாது. ‘இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே தவிக்கும் ஓவியர்’ என்று இவரைப் பற்றி எழுதுவது ஒரு சடங்காகிவிட்டது. படங்களைப் பாருங்கள், தவிப்பே இல்லை. நைஜீரியா ஒரு பக்கம், அமெரிக்கா ஒரு பக்கம் என்று கோடு கிழிக்கவே இடம் கொடுக்காத பரப்பு அது. அமெரிக்க வீட்டின் தரையே எனுகுவின் நினைவுகளால் ஆனது என்றால், பிரிப்பது எங்கே?

[திரையில்: டோரா அகுன்யிலியின் புகைப்படம்]

இவருடைய அம்மாவைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. டோரா அகுன்யிலி, நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு 2001 முதல் தலைவராக இருந்தவர். போலி இன்சுலினால் தங்கையைப் பறிகொடுத்தவர். போலி மருந்துக் கும்பல்களை விரட்டி விரட்டி ஒடுக்கினார். 2003இல் அவரைக் கொல்ல முயன்றார்கள். குண்டு தலைத்துணியை உரசிக்கொண்டு போனது. 2011இல் செனட் தேர்தலில் நின்றார். நைஜீரியாவில் திருமணம், சாவு, தேர்தல் எதுவானாலும் உரியவரின் முகத்தைத் துணியில் அச்சிட்டு, அதில் உடை தைத்துப் போட்டுக்கொள்வார்கள். அம்மாவின் முகம் அச்சிட்ட தேர்தல் துணி மகளின் ஓவியங்களுக்குள் வந்தது. டோரா 2014இல் இந்தியாவில் சிகிச்சையில் இருந்தபோது புற்றுநோயால் இறந்தார். பிரசாரத்துக்காக அடித்த துணி, அதற்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு வேறு கனத்தோடு தெரிகிறது.

[திரையில்: பிரிக்ஸ்டன் ரயில் நிலைய வாசல்]

2018இல் லண்டன் பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலைய வாசலில் இவருடைய பெரிய சுவரோவியம் ஒன்று வைக்கப்பட்டது. ஒரு வரவேற்பறை, அதில் கூடியிருக்கும் இளைஞர்கள். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த விண்ட்ரஷ் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். சுவரோவியம் வந்த அதே 2018இல்தான் விண்ட்ரஷ் மக்களில் பலரைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்திய விவகாரம் வெடித்து பிரிட்டனின் உள்துறை அமைச்சர் பதவி விலகினார். இஞ்ஜிடேகா உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் தேடியெடுத்த பழைய பிரிக்ஸ்டன் படங்களை அந்த அறைக்குள் பதித்தார். சொந்த ஊரைப் பற்றி மட்டும்தான் வரைவார் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில்.

சந்தைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படமும் மாதக்கணக்கில் உழைப்பைக் கேட்பதால் வெளியே வருபவை குறைவு. 2016 நவம்பரில் ஒரு படம் நியூயார்க் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2017 மார்ச்சில் லண்டனில் இன்னொன்று 30 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு, திறமைசாலிகளுக்கு அமெரிக்க அறக்கட்டளை ஒன்று தரும் மெக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது. அமெரிக்க ஏலத்தில் மறுவிற்பனையாகும் படத்துக்கு ஓவியருக்குப் பங்கு தரச் சட்டம் கிடையாது. விலை ஏறியது என்ற செய்தியைப் படிக்கும்போது பணம் யார் பைக்குப் போனது என்றும் கேட்க வேண்டும்.

லண்டன் டேட், நியூயார்க் விட்னி போன்ற அருங்காட்சியகங்களிடம் இவருடைய படங்கள் இருக்கின்றன. காகிதம் வெளிச்சத்துக்கு ஆகாது என்பதால் எப்போதும் மாட்டிவைக்க மாட்டார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அதுவரை அருங்காட்சியக இணையதளங்களில் உள்ள பெரிய படங்களைத் திறந்து, முகங்களை விட்டுவிட்டு முதலில் தரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு சுவரை.