கோல்ஸ்டன் சிலை: வைத்தவர்கள் யார், தள்ளியவர்கள் யார்?

அவையோருக்கு வணக்கம்.

அடிமைகளை வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் பொது இடத்தில் சிலை இருக்கலாமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றலாம், ஆனால் இரவு பத்து மணி ஆகிவிடும். அதனால் ஒரே ஊர், ஒரே சிலை என்று வைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கே இருக்கும் துறைமுக நகரம் பிரிஸ்டல். அங்கே 1895 முதல் 2020 வரை நின்ற எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை.

கோல்ஸ்டன் 1636-ல் பிரிஸ்டலில் பிறந்த வணிகர். துணி, ஒயின் என்று பல வியாபாரம் பார்த்தவர். 1680-ல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றி, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் விற்க அரசர் கொடுத்த ஏகபோக உரிமை அந்தக் கம்பெனியிடம்தான் இருந்தது. காசைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அல்ல இவர். நிர்வாகத்தில் இருந்தார், 1689-ல் கம்பெனியின் துணை ஆளுநர் பதவிக்கே வந்தார். 1680-க்கும் 1692-க்கும் இடையே அந்தக் கம்பெனி ஏற்றிச் சென்றவர்கள் ஏறத்தாழ 84,000 பேர். அதில் ஏறத்தாழ 19,000 பேர் கரையையே பார்க்கவில்லை, வழியிலேயே செத்துப்போனார்கள். நெஞ்சில் கம்பெனியின் எழுத்துகளைச் சூடு போட்டுத்தான் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதே மனிதர்தான் சொந்த ஊருக்கு அள்ளிக் கொடுத்தார். பள்ளிக்கூடம், முதியோருக்கான இல்லங்கள், தேவாலயங்களுக்குக் காசு. அதிலும் ஒரு கறார் உண்டு: இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கத் திருச்சபையை ஏற்காதவர்கள் பக்கம் தன் பணம் போய்விடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார். "எப்படிச் சம்பாதித்தால் என்ன, ஊருக்குக் கொடுத்தாரே" என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வோம். தேங்காய்க்காரன் யார் என்று கேட்காமல் உடைத்தவனுக்கு மட்டும் மாலை போட முடியாது.

சரி, அவர் 1721-ல் இறந்துபோனார். சிலை எப்போது வந்தது? 174 ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "அந்தக் காலத்தில் அது தப்பாகத் தெரியவில்லை, இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு இருந்தவர்களைப் பார்க்கக் கூடாது" என்று சொல்கிறார்களே, அந்தச் சமாதானம் சிலை வைத்தவர்களுக்குச் செல்லாது. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807-ல். தன் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது 1833-ல். (அப்போதும் 2 கோடி பவுண்டு இழப்பீடு போனது அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு.) ஆக, 1895-ல் பிரிஸ்டல் பெரிய மனிதர்கள் கோல்ஸ்டனை வெண்கலத்தில் வார்த்தபோது, அவர் செய்த தொழில் அவர்கள் நாட்டுச் சட்டப்படியே குற்றமாகி 88 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோல்ஸ்டனின் காலத்துக்கும்கூட அந்தச் சமாதானம் முழுசாகப் பொருந்தாது. அவர் கம்பெனியில் இருந்த 1688-லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறை கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், சூடு போடப்பட்டவர்கள் யாரும் அதைச் சரி என்று நினைத்திருக்க மாட்டார்கள். 'அந்தக் காலத்து மக்கள்' என்று பேசும்போது அவர்களை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம்.

சிலைக்கு ஊரில் நன்கொடை கேட்டார்கள். வேண்டிய தொகை சேரவில்லை. ஆனாலும் பீடத்தில் பொறித்த வாசகம், நகரத்தின் குடிமக்கள் சேர்ந்து எழுப்பியது என்று சொன்னது. அவரை ஊர் பெற்ற மிக நல்ல, மிக அறிவுள்ள பிள்ளைகளில் ஒருவர் என்றும் சொன்னது. பீடத்தைச் சுற்றிலும் வெண்கலப் புடைப்புச் சித்திரங்கள். ஏழைக் குழந்தைகளுக்குக் கொடை கொடுக்கிறார், துறைமுகத்தில் நிற்கிறார். அவருடைய கப்பலில் விழுந்த ஓட்டையை ஒரு டால்பின் வந்து தன் உடம்பால் அடைத்துக் காப்பாற்றியதாக ஊரில் ஒரு கதையும் இருந்தது. ஓட்டையை அடைத்த டால்பினுக்குக்கூட ஊர் நினைவில் இடம் இருந்தது, கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்களுக்கு இல்லை.

எல்லாம் யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1920-லேயே உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் ஆவணங்களைப் புரட்டிக் கோல்ஸ்டனுக்கும் அடிமை வணிகத்துக்கும் உள்ள தொடர்பை வெளியே கொண்டுவந்தார். பிற்பாடு கரீபியன் தீவுகளிலிருந்து வந்த மக்கள் பிரிஸ்டலில் குடியேறினார்கள். அவர்களைப் பேருந்தில் வேலைக்கு வைக்க மாட்டோம் என்றது பேருந்து நிறுவனம். 1963-ல் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தித்தான் அந்தத் தடையை உடைத்தார்கள். உடைந்த பிறகு வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்கிற சீக்கியர். இந்த மக்கள் தினமும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் ஊருக்குள் போய்வர வேண்டும். 1990-கள் தொடங்கிச் சிலைமேல் எழுதினார்கள், மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். மாசிவ் அட்டாக் என்ற பிரிஸ்டல் இசைக்குழு, கோல்ஸ்டன் பெயர் இருக்கும்வரை கோல்ஸ்டன் ஹால் அரங்கில் பாட மாட்டோம் என்று இருந்தது.

கடைசியில் 2018-ல் ஒரு சமரசம் பேசினார்கள். சிலை இருக்கட்டும், பக்கத்தில் உண்மையைச் சொல்லும் பலகை ஒன்று வைப்போம் என்று. கேட்க நல்ல யோசனைதான். முதல் வரைவில் 84,000 பேர் என்ற கணக்கும், அதில் 12,000 பேர் குழந்தைகள் என்பதும் இருந்தன. உடனே ஆட்சேபம் வந்தது. ஊரின் பழைய வணிகர் சங்கமான மெர்ச்சன்ட் வென்ச்சரர்ஸ் தரப்பும் வாசகத்தில் கை வைத்தது. திருத்தத் திருத்த அந்த 12,000 காணாமல் போனது, கொடைவள்ளல் முன்னால் வந்தார். பலகையை வார்த்தும் முடித்துவிட்டார்கள். 2019-ல் நகர மேயர் மார்வின் ரீஸ் அந்த வாசகத்தை ஏற்க முடியாது என்று நிறுத்திவிட்டார். அவருடைய தந்தை ஜமைக்காக்காரர். ஒரு நகரம் தன்னைப் பற்றி நாலு வரி உண்மையை எழுத முடியாமல் முட்டிக்கொண்டு நின்றது என்பதுதான் இதில் நடந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். ஜூன் 7 அன்று பிரிஸ்டல் ஊர்வலத்தில் வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துச் சிலையைச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரோ பாலம். நெவிஸ் தீவிலிருந்து ஒரு சர்க்கரை வணிகர் பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்த பெரோ என்ற அடிமையின் பெயர் அது. நாலு நாள் கழித்துச் சிலையை வெளியே எடுத்துக் கழுவியபோது, உள்ளே 1895-ஆம் ஆண்டு வார இதழ் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

சிலையைச் சாய்த்ததற்காக நால்வர்மீது வழக்கு. 2022 ஜனவரி 5 அன்று ஜூரி அவர்களை விடுவித்தது. அரசுத் தரப்பு அந்தச் சட்டக் கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. போராட்ட உரிமை என்று சொல்லி இந்த அளவுக்குப் பெரிய சேதத்தை நியாயப்படுத்த முடியாது என்று அங்கே விளக்கம் வந்தது. விடுதலை மட்டும் மாறவில்லை. என் கருத்தைக் கேட்டால், கூட்டம் கயிற்றைக் கையில் எடுப்பது எனக்குப் பிடிக்காது. நாளைக்கு அதே கயிறு அம்பேத்கர் சிலைக்கும் பெரியார் சிலைக்கும் வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் 'முறைப்படி போயிருக்கலாமே' என்று பிரிஸ்டல்காரர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறைப்படி போய்த்தான் பலகையில் வந்து நின்றார்கள்.

முறைப்படி போனால் எவ்வளவு நாள் ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை. அடிமை வணிகர் அல்ல. 1857-ல் பனாரஸிலும் அலகாபாத்திலும் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கில் போட்ட சென்னைப் படைப்பிரிவு அதிகாரி. 1927-ல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலி சோமயாஜுலு இருந்தார், காமராஜர் இருந்தார், கடலூர் அஞ்சலை அம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சிறைக்குப் போனார். சிலை நகர்ந்தது 1937-ல், ராஜாஜி முதல்வரான பிறகு. பத்து ஆண்டுகள். அதுவும் ஆட்சியே மாறிய பிறகு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனதால் நீலின் வரலாறு அழிந்துவிட்டதா? இன்றைக்கு இந்த அரங்கில் அவர் பெயர் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சிலையை எதிர்த்தவர்கள் வழியாகத்தான் தெரியும்.

பிரிஸ்டலிலும் அதுவேதான். 125 ஆண்டுகள் சிலை நின்றபோது கோல்ஸ்டன் என்றால் அவர் பெயர் தாங்கிய பள்ளிக்கூடமும் அரங்கமும் ஒரு வகை பன்னும்தான். விழுந்த பிறகு 84,000 என்ற எண் உலகம் முழுக்கப் போனது. நகரம் நடத்திய கருத்துக் கணிப்பில் ஏறத்தாழ 14,000 பேர் பதில் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்களில் ஐந்தில் நாலு பேர் சிலை அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்றார்கள். இப்போது எம் ஷெட் என்ற அருங்காட்சியகத்தில், போராட்டக்காரர்கள் அடித்த வண்ணத்தோடு, படுத்த வாக்கில் இருக்கிறது. கோல்ஸ்டன் ஹால் இப்போது பிரிஸ்டல் பீக்கன்.

கல்லறையை இதோடு சேர்க்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் எலிஹு யேலின் சின்னப் பிள்ளை புதைக்கப்பட்ட நினைவுத் தூண் இருக்கிறது. யேல் காலத்துக் கோட்டை நிர்வாகத்துக்கு அடிமை வணிகத்தோடு தொடர்பு உண்டு. ஆனால் குழந்தையின் கல்லறை யாரையும் புகழ வைத்ததல்ல. 2023-ல் அதை இடம் மாற்றச் சொல்லி ஒரு நீதிபதி உத்தரவிட்டார், காரணம் வாகன நிறுத்துமிடம்!

கஷ்டமான கேள்வி கோல்ஸ்டன் அல்ல, தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லாரும் சமம் என்ற அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். 2021 நவம்பரில் நியூயார்க் நகர மன்றக் கூடத்திலிருந்து அவருடைய சிலையை வெளியேற்றினார்கள். கோல்ஸ்டனுக்குச் சிலை வைத்தது அவர் கொடுத்த காசுக்காக. அந்தக் காசில் ஆட்களை விற்ற பணம் கலந்திருந்தது. ஜெஃபர்சனுக்கு வைத்தது அவர் எழுதிய வாக்கியத்துக்காக. அந்த வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பின்னால் நியாயம் கேட்டார்கள். அதனால் நான் ஜெஃபர்சனை விட்டுவைப்பேன், பீடத்திலேயே அந்த 600 பேரையும் எழுதி. ஆனால் அந்த மன்றத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய கறுப்பின உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள், அவர்கள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒலிவாங்கியைக் கொடுத்துவிடுகிறேன், கேளுங்கள்.