மண் அடைச்ச குழாய்ல தண்ணி எந்த வழியா போகுது? முதல்ல அதைப் பாருங்க

வணக்கம். மேசை மேல நிக்குற இந்த அக்ரிலிக் குழாயைத்தான் லேப்ல சாயில் காலம் (soil column)னு சொல்லுவாங்க. இதுல மண்ணை அடைச்சு தண்ணி விட்டா, உரமோ பூச்சிமருந்தோ நிலத்தடிக்கு எவ்வளவு வேகமா இறங்கும்னு பார்க்கலாம். ஆனா மண்ணைச் சரியா அடைக்கலைன்னா வர்ற கணக்கு எல்லாமே பொய்யாயிடும்.

குழாயோட உள்விட்டம் 5 செ.மீ, மண் நிக்குற உயரம் 30 செ.மீ. கொள்ளளவு 589 மி.லி. மணற்பாங்கான செம்மண்ணை நிழல்ல உலர்த்தி 2 மி.மீ சல்லடையில சலிச்சுக்கோங்க. அடர்த்தி மி.லிக்கு 1.5 கிராம்னு வெச்சா 884 கிராம் மண் வேணும். அது ஈரமே இல்லாத மண்ணோட எடை. நிழல்ல உலர்ந்த மண்ணுல 2 சதவீதம் ஈரம் இருந்தா 902 கிராம் எடுக்கணும்.

மொத்தமா கொட்டிடாதீங்க. மேல இருந்து விழும்போது பெரிய மணல் உருண்டு சுவர் ஓரமா போயிடும், பொடி நடுவுல தங்கிடும். புனலோட வாயை மண் மட்டம் வரைக்கும் இறக்கி, ஒரு அடுக்குக்கு 60 கிராம் போட்டு, 2 செ.மீ கோடு வர்ற வரைக்கும் தட்டுங்க. இப்போ மேல்பரப்பைக் கிட்ட பாருங்க, வழவழன்னு இருக்கா? ஃபோர்க்கால 2, 3 மி.மீ ஆழம் கீறி விட்டுட்டுத்தான் அடுத்த அடுக்கு. கீறாம விட்டா அந்த இடத்துல தண்ணி தேங்கிப் பக்கவாட்டுல ஓடும். இப்படி 15 அடுக்கு. அடைக்கிறதுக்கு முன்னாடியே குழாயோட உள்சுவர்ல பசை தடவி மணல் ஒட்ட வெச்சிருக்கணும். இல்லைன்னா தண்ணி சுவரை ஒட்டியே நழுவிடும்.

அடுத்து நனைக்கிறது. கீழ இருந்து மேல, நிமிஷத்துக்கு 0.3 மி.லி, ராத்திரி முழுக்க. அதுக்கு முன்னாடி கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. காத்து மாதிரி குமிழியா மாட்டிக்காம அது தண்ணியில கரைஞ்சிடும். வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணி வேண்டாம், களிமண் துகள் கலைஞ்சு துளையை அடைச்சிடும். சமையல் உப்புத் தண்ணியிலயும் இதே பிரச்சனைதான், காரணம் சோடியம். லிட்டருக்கு 0.735 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் போட்ட தண்ணிதான் நல்லது.

மண்ணுக்குள்ள இருக்கற காலி இடம் 255 மி.லி, அதுதான் ஒரு போர் வால்யூம். அதுல 18 மி.லி ஏற்கனவே ஈரமா இருக்கு. அதனால மூடியில நிக்குற தண்ணியைக் கழிச்சுட்டு எடை 237 கிராம் கூடணும். 215தான் கூடுச்சுன்னா 22 மி.லி காத்து உள்ளயே உக்காந்திருக்கு.

இப்போ ட்ரேசர், அதாவது தண்ணி போற வழியைக் காட்டிக் கொடுக்கற அடையாளக் கரைசல். கால்சியம் குளோரைடை லிட்டருக்கு 1.47 கிராமா மாத்தி, நிமிஷத்துக்கு 1 மி.லி விடுங்க. ஒரு போர் வால்யூம் போக 4 மணி 15 நிமிஷம் ஆகும். வெளிய வர்றதை 25 நிமிஷத்துக்கு ஒரு ட்யூப்ல பிடிச்சு, மின்கடத்துத்திறன் மீட்டர்ல அளந்து, எத்தனை போர் வால்யூம் போனப்போ எவ்வளவுன்னு வரைபடம் போடுங்க. கோடு பாதி உயரத்தை 1 போர் வால்யூம் பக்கத்துல தொடணும். 3 மி.மீ உள்விட்டம் உள்ள இணைப்பு ட்யூப் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7 மி.லி பிடிக்கும், போன தண்ணிக் கணக்குல அதைக் கழிக்க நிறைய பேர் மறந்துடறாங்க. 0.7லயே தொட்டுடுச்சுன்னா தண்ணி குறுக்கு வழியில போகுது. தயங்காம மண்ணைக் கொட்டிட்டு திரும்ப அடைங்க.

இது சரியா வந்தப்புறம்தான் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம். நைட்ரேட் பெரும்பாலும் தண்ணியோடவே வந்துடும். பாஸ்பேட்டைச் செம்மண்ணுல இருக்கற இரும்பு ஆக்சைடு பிடிச்சு வெச்சுக்கும். மண்ணுல ஒட்டுற குணகம், அதாவது ஒரு கிராம் மண்ணுல ஒட்டியிருக்கறது எத்தனை மி.லி தண்ணியில கரைஞ்சிருக்கறதுக்குச் சமம்ங்கறது, கிராமுக்கு 1 மி.லின்னா ஒரு பொருள் தண்ணியை விட 4.5 மடங்கு மெதுவா வரும். அதே 50னா 174 மடங்கு, அதாவது இதே வேகத்துல ஒரு மாசம். அத்தனை நாள் ஓடினா பம்ப் ட்யூப் தளர்ந்து ஓட்டம் குறையும். தினமும் வெளிய வர்ற தண்ணியை எடை போட்டுப் பாருங்க.

கோடு ஏறிட்டு இருக்கும்போது பம்பை 24 மணி நேரம் நிறுத்திட்டு மறுபடி போடுங்க. வெளிய வர்ற தண்ணியில அந்தப் பொருளோட அளவு சட்டுனு இறங்குச்சுன்னா, நீங்க வெச்ச வேகத்துல மண்ணுக்கு அதைப் பிடிச்சுக்க நேரம் பத்தலை. வேகத்தைப் பாதியாக்கி திரும்ப ஓட்டுங்க.