தேவாலயத் தரையில் விழுந்த சூரியன்

அவையோருக்கு வணக்கம். கிறிஸ்தவ நம்பிக்கையும் நவீன அறிவியலும் என்று தலைப்புக் கொடுத்தால், பேச வருபவர் கலிலேயோவில் தொடங்கி டார்வினில் முடிப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். 1633இல் ரோமில் கலிலேயோ மீது நடந்த விசாரணையை நான் பூசி மெழுகப்போவதில்லை. ஆனால் அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, பாப்பரசர்களின் ஆட்சிக்குட்பட்ட போலோஞ்ஞா நகரத்தில், சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் கூரையில் துளையிட்டு, தரையில் கோடு பதித்து, வானியலாளர் கெப்ளரின் ஒரு கணக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். கெப்ளர் லூத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட்; அவருடைய நூல் ஒன்று அப்போது ரோமின் தடைப்பட்டியலில் இருந்தது. இது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

காரணம் ஈஸ்டர். எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்றது 325இல் கூடிய ஆயர்களின் பேரவையான நிசேயா சங்கம். பிறகு நிலைபெற்ற விதி இது: மார்ச் 21ஐச் சம இரவு நாளாகக் கொள், அன்றோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமியைப் பார், அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஒரு வாரம் தள்ளு.

விதி எளிது, வானம் ஒத்துழைக்கவில்லை. அன்று வழக்கில் இருந்த ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டுக்கு 365.25 நாள், சூரியனின் ஆண்டுக்கு 365.2422 நாள். ஆண்டுக்கு 11 நிமிடப் பிசகு, 128 ஆண்டில் ஒரு முழு நாள். 16ஆம் நூற்றாண்டில் உண்மையான சம இரவு மார்ச் 11க்கு வந்துவிட்டது. நிலவுக் கணக்கிலும் ஓட்டை: 19 ஆண்டுக்கு 235 பிறைகள் என்ற பழைய சுழற்சியில் ஒன்றரை மணி நேரம் உதைக்கும். அது சேர்ந்து சேர்ந்து, ஏட்டுப் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமிக்கு ஏறக்குறைய நான்கு நாள் பின்தங்கியது.

1582இல் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று பாப்பரசர் 13ஆம் கிரகோரி ஆணையிட்டது பலருக்கும் தெரியும். கடினமான வேலை அந்தப் பத்து நாள் அல்ல. லூயிஜி லீலியோ என்ற மருத்துவர் திட்டம் வகுத்து, சேசு சபைக் கணிதர் கிளாவியுஸ் விளக்கி நிலைநிறுத்திய நிலவுத் திருத்தம்தான் கடினம். 400 ஆண்டில் மூன்று லீப் நாளைக் கழிப்பது சூரியனுக்கு. 2500 ஆண்டில் எட்டு நாள் சரிசெய்வது நிலவுக்கு.

இதெல்லாம் சரிதானா என்று பார்க்க அளவு வேண்டும். வெட்டவெளியில் கம்பு நட்டால் நிழலின் விளிம்பு மங்கிப்போகும். உயரமும் இருட்டும் உள்ள கட்டடத்தில் சிறு துளை போட்டால் சூரியனின் உருவமே தரையில் விழும். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட கட்டடம் பேராலயம்தான். 1570களில் தொமினிக்கன் துறவி எக்னாசியோ தாந்தி இதே சான் பெத்ரோனியோவில், ஒளி விழும் இடத்தை அளக்கத் தரையில் ஒரு கோடு போட்டார். தூண்கள் குறுக்கிட்டதால் அது வடக்கு தெற்காக அமையாமல் ஒன்பது பாகை அளவுக்குச் சாய்ந்தது. ஆலயத்தை விரிவுபடுத்தியபோது அதுவும் பயனற்றுப் போனது.

1655இல் வானியலாளர் கசினி தூண்களுக்கு நடுவே உரசாமல் வடக்கு தெற்காகப் போகும் பாதையைக் கண்டுபிடித்தார். துளை 27.07 மீட்டர் உயரத்தில். அதன் விட்டம் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 27 மி.மீ. இதைவிடப் பெரிதானால் உருவம் கலங்கும், சிறிதானால் வெளிச்சம் போதாது. துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் தரையில் அடிப்புள்ளி கிடைக்கும். அங்கிருந்து கோடை உச்சி நாளின் நண்பகலில் ஒளிவட்டம் சுமார் 10 மீட்டரில் விழும். சம இரவில் 26.6 மீட்டரில், குளிர்கால உச்சியில் ஏறத்தாழ 67 மீட்டரில். தரைக்கோட்டை ஜூன் 21, 22இல் சரிபார்த்ததற்குக் காரணம் உண்டு: அப்போது காலைக்கும் மாலைக்கும் இடையே சூரியனின் சாய்வு ஏறக்குறைய மாறுவதே இல்லை.

சம இரவை ஒட்டி ஒளிவட்டம் நாளுக்கு 37 செ.மீ. நகரும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை செ.மீ.! நாட்காட்டிச் சோதனைக்கு இந்தத் துல்லியம் தாராளம். ஆனால் தரை மட்டம் பிசகக் கூடாது. குளிர்கால முனையில் தரை 1 மி.மீ. தாழ்ந்தால் ஒளி இரண்டரை மி.மீ. தள்ளி விழும். கட்டடமோ அசையாமல் இருக்காது. அதனால்தான் கசினியே 1695இல் வந்து பழுது பார்க்க நேர்ந்தது.

இனி கெப்ளருக்கு வருவோம். சூரியன் ஜனவரியில் விரைவாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வதாகத் தோன்றுகிறது. பழைய கணக்கின்படி வேகம் மாறுவதில்லை, தூரம் மாறுவதால் வரும் தோற்றம் அது. பாதி தூரத்தால், பாதி உண்மையான வேக மாற்றத்தால் என்றார் கெப்ளர். எது சரி என்று விட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஜனவரிச் சூரியன் பழைய கணக்கில் 33.1 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலம், கெப்ளர் கணக்கில் 32.5. கோட்டின் கடைக்கோடியில், துளையின் விட்டத்தைக் கழித்த பிறகு, 68 செ.மீ. அகல உருவத்தில் இது வெறும் ஒரு செ.மீ. வித்தியாசம். கசினி அளந்தார். கெப்ளர் பக்கம் விழுந்தது தீர்ப்பு.

பூமி சுற்றுகிறது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. பூமி நின்று சூரியன் சுற்றினாலும் இதே அளவுதான் வரும். கசினிக்குச் சிக்கல் வராததற்கு அதுவே காரணம் என்பேன். அளப்பதற்குத் தடை இல்லை. அளந்ததை வைத்து வேதவசனத்துக்கு யார் பொருள் சொல்வது என்பதில்தான் தடை இருந்தது. சூரிய மையக் கொள்கை பற்றிய பொதுத்தடை 1758இல் பட்டியலிலிருந்து போனது; கலிலேயோவின் நூல் 1835 பதிப்பில்தான் நீங்கியது.

மறுதரப்பான புராட்டஸ்டண்டுகளும் பிடிவாதத்தில் குறைந்தவர்கள் அல்ல. பாப்பரசர் சொன்னதாலேயே இங்கிலாந்து 1752 வரை நாட்காட்டியை மாற்றவில்லை. ஜெர்மன் புராட்டஸ்டண்டுகள் 1700இல் நாளை மாற்றினார்கள். ஈஸ்டரை மட்டும் கெப்ளர் அட்டவணைப்படி நேரடியாகக் கணித்தார்கள். நம் ஊர் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வழக்குதான். 1724இல் அவர்களுக்கு ஏப்ரல் 9, கத்தோலிக்கருக்கு ஏப்ரல் 16. ஒரே நாட்டில் இரண்டு ஈஸ்டர்.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2024இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 31, பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. ஈஸ்டருக்கு அவர்கள் இன்னும் வைத்திருக்கும் ஜூலியன் நாட்காட்டியின் மார்ச் 21 என்பது இப்போது நம் ஏப்ரல் 3. ஆகவே மார்ச் 25 பௌர்ணமி அவர்கள் கணக்கில் சேராது. அடுத்த பௌர்ணமி வானத்தில் ஏப்ரல் 24ஐ ஒட்டி வந்தது, ஏட்டிலோ ஏப்ரல் 28. அன்று ஞாயிறு, எனவே இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. 1997இல் அலெப்போவில் கூடிய சபைப் பிரதிநிதிகள், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, எருசலேமின் தீர்க்கரேகையை வைத்து உண்மையான சம இரவையும் பௌர்ணமியையும் கணிப்போம், 2001இலிருந்து தொடங்குவோம் என்று பரிந்துரைத்தார்கள். சபைகள் அதை இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.