மரியா, மாரியா? பெங்களூரின் பழைய கல்லறைக் கற்களை வாசிப்பது

(அல்சூரில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு துணைக்காலில் தொடங்குகிறேன். மரியம்மாள் என்று எழுதினால் கிறிஸ்தவப் பெண்மணி. மாரியம்மாள் என்று எழுதினால் மாரியம்மன் பெயரைத் தாங்கியவர். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கால். நூறு வருஷ மழையில் நனைந்த கல்லில் முதலில் மங்குவது அப்படிப்பட்ட மெல்லிய கோடுதான். அது மறைந்தால், அந்த அம்மாளைச் சர்ச் பதிவேட்டில் தேடுவதா வேண்டாமா என்பதே மாறிவிடும். ஆகவே பழைய கல்லறைக்குப் போகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது கல்லை வாசிக்கத்தான். கதையெல்லாம் அதற்குப் பிறகு.

இது பெங்களூர்த் தமிழருக்கு ஏன் சொந்த விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1809-ஐ ஒட்டி இங்கே கன்டோன்மென்ட், அதாவது பிரிட்டிஷ் படைக் குடியிருப்பு, எழுந்தது. மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே சமையற்காரர், பட்லர், கொத்தனார், வியாபாரி என்று ஊரே வந்தது. அல்சூரும், பிளாக்பள்ளி என்று அன்று வழங்கிய சிவாஜிநகரும் அவர்களால் நிறைந்தன. இங்கேயே வாழ்ந்தவர்கள் இங்கேயே மண்ணுக்குள் போனார்கள். கல்பள்ளிக் கல்லறையில் வரிசை வரிசையாகத் தமிழ் எழுத்து நிற்பது அதனால்தான்.

வெள்ளைக்காரர் கல்லறைக்கு நகல் உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் மதராஸ் மாகாணத்திலிருந்து போன பிரதிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்-2 என்ற வரிசையில் இருக்கின்றன. 1976-லிருந்து தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே ஒரு பிரிட்டிஷ் சங்கம் பட்டியல் எடுத்துவருகிறது. அந்தப் பிரதிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். நம் பட்லரின் மனைவிக்கு, சிப்பாயின் குழந்தைக்கு, பெரும்பாலும் கல் ஒன்றுதான் ஆவணம்.

நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. 1791 மார்ச் 21 அன்று காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. அந்தப் போரில் மாண்ட அதிகாரிகளைப் புதைத்த இடத்தை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் வரைந்து, 1794-இல் அச்சிட்டார். இன்று அந்தக் கல்லறை இல்லை. அந்தப் போரின் நினைவுத் தூணையும் 1964-இல் இடித்துவிட்டார்கள். ஆனாலும் அங்கே யார் கிடந்தார்கள் என்று இன்றும் சொல்ல முடிகிறது, காகிதத்தில் இருப்பதால். தமிழ்க் கல்லுக்கும் அந்தக் காகிதம் வேண்டும் என்பதுதான் என் பேச்சு முழுவதும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். "விடியற்காலையில் போ, எழுத்து தெரியும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். படுத்த கல்லுக்கு அது சரி. நிற்கும் கல்லுக்கு, அது எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கிறிஸ்தவ அடக்கத்தில் கால்மாடு கிழக்கே இருப்பது பழைய வழக்கம். அதனால் கிழக்கு பார்த்த கற்கள் நிறைய. அவற்றின்மேல் காலை ஏழு மணி வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்து காணாமல் போகும். அதே கல்லில் பதினொன்றரை மணிக்கு வெயில் மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்கும். எழுத்து எழுந்து நிற்கும். மேற்கு பார்த்த கல்லுக்கு நடுப்பகல் தாண்டிய அரைமணி நேரம். வடக்கு பார்த்த கல்லை வெயிலை நம்பி விடாதீர்கள்.

இன்னொன்று கவனியுங்கள். மேலிருந்து வரும் ஒளி படுக்கைக் கோட்டைத்தான் காட்டும். நெட்டுக் கோட்டில் நிழல் விழாது. நம்முடைய துணைக்கால் நெட்டுக் கோடு. ஆகவே பக்கவாட்டு ஒளி இல்லாமல் "மரி"யா "மாரி"யா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. வழி எளிது. இரண்டு அடி உயரக் கண்ணாடி ஒன்று, கறுப்புக் குடை ஒன்று, இரண்டு பேர். ஒருவர் எட்டு, பத்து அடி தள்ளி, கல்லின் தளத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைத் திருப்ப வேண்டும். அது கல்லின் முகத்தை மேலோட்டமாகத் தடவிப் போக வேண்டும். மற்றவர் குடையால் நேர் வெயிலை மறைத்துப் படம் எடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலிருந்து ஒன்று: ஒரு கல்லுக்குக் குறைந்தது மூன்று படம்.

துடைப்பதற்கு வெறும் தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ். வேறு எதுவும் வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட் பளிங்கைத் தின்னும், ஏனென்றால் பளிங்கு சுண்ணாம்புச் சத்து. பிளீச்சிங் பவுடரின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காயும்போது உறைந்து மேல்தோலைப் பெயர்க்கும். கம்பி பிரஷ் கீறுவதோடு இரும்புத் துகளையும் விட்டுப் போகும். அடுத்த மழையில் துருக்கறை. சாக்பீஸும் மைதாவும் தேய்த்துப் படமெடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மாவு பூஞ்சைக்குச் சோறு. சாக்பீஸோ, நாம் ஊகித்த எழுத்தையே நமக்குத் திருப்பிக் காட்டும்.

கல்லின் சாதியையும் பாருங்கள். உள்ளூர்க் கருங்கல் அசையாது, ஆனால் வெட்டு ஆழம் குறைவு. கடப்பா கல் அடுக்கடுக்காக உரியும். விரலால்கூடத் தட்ட வேண்டாம். பளிங்கைத் தொட்டால் சர்க்கரை போலக் கையில் உதிர்ந்தால், பிரஷும் வேண்டாம், படம் மட்டும். சில பளிங்குக் கற்களில் எழுத்தைத் துளையிட்டு ஈயம் அடித்திருப்பார்கள். ஈயத்தைத் திருடர்கள் பெயர்த்துப் போனபின் வெறும் துளைகள் மிஞ்சும். அவற்றைச் சதுரக்கோட்டுத் தாளில் புள்ளியாக வைத்து இணைத்துப் பார்த்தால் எழுத்து திரும்பி வரும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய கல்லறைக்கு அன்பு மிகுதியால் சிமெண்ட் பூசுகிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், உள்ளே செங்கல் மாவாகும். இதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது, ஏனென்றால் செய்தவர்கள் பாசத்தோடு செய்தவர்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை, ளை, ணை நான்கும் துதிக்கைக் கொம்போடு இருக்கும். ணா, றா, னா சுழிந்திருக்கும். பழைய வடிவம் இருப்பதால் மட்டும் கல் பழையது ஆகிவிடாது, கல்தச்சர் கைப்பழக்கம் சீக்கிரம் மாறாது. ஆனால் 1890 என்று தேதியிட்ட கல்லில் புது "லை" இருந்தால், அது பேரப்பிள்ளைகள் பின்னால் மாற்றி வைத்த கல் என்று எழுதிக்கொள்ளுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை வெட்டாமலே விட்டவர்களும் உண்டு. வெட்டியவர்களின் புள்ளியும் ஆழமில்லாத குழிதான், சீக்கிரம் மண் அடைந்துவிடும்.

தேதியில் ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம். அறுபது வருஷச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் நிதானம் வேண்டும். "விளம்பி ௵ ஆவணி ௴" என்று ஒரு கல் சொன்னால் அது 1838, 1898, 1958 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எழுத்து வடிவம், கல்லின் வகை, பக்கத்துக் கல்லின் தேதி எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. அக்கம்பக்கத்தில் 1898-ம் 1899-ம் நெருக்கமாக நின்றால் உடனே ஒரு சந்தேகம் எழ வேண்டும்: 1898 ஆகஸ்டில், அதாவது ஆடியும் ஆவணியும் சந்திக்கும் நேரத்தில்தான், பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தது. 1918-இன் கடைசி மாதங்கள் தெரிந்தால் இன்ஃப்ளுயன்சா. சந்தேகம் மட்டும்தான். இறப்பின் காரணத்தை அடக்கப் பதிவேடு சொல்லட்டும். கல்லும் பதிவேடும் தேதியில் முரண்பட்டால் பெரும்பாலும் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். வெயில் ஊரில் அடக்கம் அன்றோ மறுநாளோ நடந்து பதிவாகிவிடும். கல் நிற்பதற்கு வருஷங்கள் ஆகலாம்.

வண்ணம் பூசிய கல்லில் கண்ணை நம்பாதீர்கள். வருஷாவருஷம் எழுத்துக்குக் கறுப்பு எனாமல் பூசும்போது 3 எட்டாகும், 1 ஏழாகும். பெயின்ட் போன வழியை விட்டுவிட்டு வெட்டுப் போன வழியைப் பாருங்கள். அடிவரியைப் புல் மூடியிருக்கும். அங்கேதான் "இதை நாட்டியவர்" பெயரும், சில வேளை கல்தச்சர் பெயரும் இருக்கும். புல்லைக் கையால் ஒதுக்கலாம். மண்ணைத் தோண்டக் கூடாது.

எழுதும்போது வரிக்கு வரி, உள்ளபடி. பிழையைத் திருத்தாதீர்கள், "கற்தருக்குள் நித்திரை" என்று வெட்டியிருந்தால் அப்படியே. தெரியாத எழுத்துக்கு ஒவ்வொரு புள்ளி, ஐயமான எழுத்தின் கீழே கோடு. வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல், எந்தத் திசை பார்க்கிறது என்பதும் வேண்டும்.

நடுகல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பேகூர் நாகேசுவரர் கோயிலில் சுமார் 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல் ஒன்று பெங்களூர்ப் போரில் மாண்டவரைப் பற்றிச் சொல்கிறது. இந்த ஊரின் பெயர் வரும் மிகப் பழைய எழுத்து அது. ஆக, ஊரின் பெயரே ஒரு சாவுச் செய்தியில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அடுக்காகச் செதுக்கிய வீரக்கல்லைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும்: கீழே சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிப் போகும் தேவமகளிர், உச்சியில் தெய்வ சன்னிதி. மஞ்சளும் எண்ணெயும் பூசி வழிபடும் கல்லாக இருந்தால் பிரஷை வெளியே எடுக்கவே வேண்டாம்.

போகும்முன் பங்குச் சாமியாரிடமோ கல்லறைக் கமிட்டியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழி வெட்டுபவரிடம் பேசுங்கள். எந்த வரிசை எந்தக் குடும்பம் என்பது பதிவேட்டைவிட அவருக்குத் தெரியும். கணுக்கால் மூடிய ஷூ, தரையைத் தட்டிக்கொண்டே நடக்க ஒரு கம்பு. கல் இடுக்கில் பாம்பு இருக்கும். சாய்ந்த கல்லில் சாயாதீர்கள், நிமிர்த்தவும் பார்க்காதீர்கள். பலகைக் கல் உள்வாங்கியிருந்தால் அதன்மேல் ஏற வேண்டாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்காக அக்டோபர் கடைசி வாரத்தில் களை வெட்டுவார்கள், மழையும் ஓய்ந்துவரும், புதுப் பெயின்ட் இன்னும் ஏறியிருக்காது. கல்பள்ளியில் தமிழ்க் கல் வாசிக்க வருஷத்தில் அந்த ஐந்தாறு நாள்தான் நல்ல நாள். கண்ணாடியும் குடையும் கொண்டுவர இரண்டிரண்டு பேராகப் பெயர் கொடுங்கள். முதல் வரிசையிலிருந்து தொடங்கலாம்.