திரையை விட்டு வெளியே வந்த இசை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வசனம், பாட்டு, நடுநடுவே வயலின், கதவு திறக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். திரையைப் பார்க்காமலேயே படத்தைக் கேட்டுவிடுவோம். கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி 'திருவிளையாடல்' கதை வசனத்தை ஊருக்கே ஓடவிட்டதும் உண்டு. படத்தின் ஒலியைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்பது நமக்குப் பழகிய விஷயம்தான்.

ஆனால் பின்னணி இசையை மட்டும் தனியே எடுத்து, ஓர் ஆல்பமாக, முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் வாய்ப்பு நமக்கு அதிகம் அமையவில்லை. தமிழில் படத்தின் இசைத்தட்டு என்றால் பாட்டுதான். 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுத்தார்கள். பின்னணி இசைக்கான விருது 'பழசிராஜா' என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. அவருடைய பி.ஜி.எம். மீது உயிரையே வைத்திருக்கும் ரசிகர்கள் பலர், அதைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, வசனமும் மழைச் சத்தமும் கலந்தபடியே செல்போனில் வைத்துக் கேட்கிறார்கள். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்கு ஈடுகொடுக்கும் ஆல்பங்கள் வேறு நாடுகளில் நெடுங்காலமாக வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1958இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பீட்டர் கன்' என்றொரு துப்பறியும் தொடர் ஆரம்பித்தது. இசை ஹென்றி மான்சினி. அவர் அந்தத் தொடருக்குள் ஜாஸைக் கொண்டுவந்தார். முகப்பு இசையில் கிட்டாரும் பியானோவும் சேர்ந்து ஒரே சின்னத் துணுக்கை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் டிரம்பெட்டும் டிராம்போனும் வந்து மோதும். இசைத்தட்டு போடலாம் என்ற பேச்சு வந்தபோது, தொடருக்காகப் பதிவான துண்டுகளை மான்சினி அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடவில்லை. தனியே உட்கார்ந்து கேட்பவர்களுக்காக விரித்து எழுதி, மறுபடியும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். 1959இல் கிராமி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. ஃபிராங்க் சினாட்ராவின் ஆல்பங்களும் அந்தப் போட்டியில் இருந்தன!

அந்த முகப்பு இசையில் பியானோ வாசித்த இளைஞர் யார் தெரியுமா? ஜான் வில்லியம்ஸ். பிற்பாடு 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்தாரே, அவரேதான்.

1977இல் அந்தப் படத்தின் இசை, லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்து, இரட்டை எல்.பி. இசைத்தட்டாக வந்தது. வில்லியம்ஸ் அதில் படத்தின் வரிசையைக் கலைத்துவிட்டார். பென் என்ற முதியவர் இறப்பது, படத்தில் மதுக்கடைக் காட்சிக்கு வெகு நேரம் கழித்து வரும். இசைத்தட்டில் பென்னின் மரணம் முன்னால் வந்துவிடும், மதுக்கடை வாத்தியக்காரர்கள் அப்புறம்தான் வருவார்கள். எங்கே வேகம், எங்கே நிதானம், ஒரு பக்கம் எதில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்று காதுக்காகவே அடுக்கியிருக்கிறார். 1997இல் முழு இசையும் படத்தின் வரிசைப்படியே இரண்டு குறுந்தட்டுகளில் வந்தது. எதையும் விடாமல் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் பொக்கிஷம். இசையை நுணுகி ஆராய நானும் அதைத்தான் எடுப்பேன். கேட்பதற்கு 1977தான். இசையமைப்பாளர் தானே தேர்ந்து, தானே கோத்துக் கொடுத்த ஆல்பத்துக்கு ஒரு மூச்சு இருக்கிறது. முழுத் தொகுப்பில் அந்த மூச்சு அடிக்கடி அறுந்துபோகிறது.

இதே வில்லியம்ஸ் 1982இல் 'ஈ.டி.' படத்தின் கடைசிக் காட்சிக்கு இசை பதிவு செய்யும்போது, திரையில் ஓடும் படத்தோடு இசையைப் பொருத்த முடியாமல் திணறினார். இயக்குநர் ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்தச் சொன்னார். கச்சேரி போல உங்கள் போக்கில் வாசியுங்கள், நான் படத்தை இசைக்குத் தக்கபடி வெட்டிக்கொள்கிறேன் என்றார். அப்படியே செய்தார்கள். அந்தக் காட்சியின் இசையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்திலும் அது அவசரப்படாது.

அதே ஆண்டு 'பிளேட் ரன்னர்' என்ற படம் வந்தது. வாஞ்செலிஸ் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் அமைத்த இசை. ஆனால் அப்போது வெளியான இசைத்தட்டில் இருந்தது வேறோர் இசைக்குழு அதைத் தழுவி வாசித்தது. வாஞ்செலிஸின் சொந்த ஆல்பம் வர 1994 ஆனது. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. வந்த ஆல்பத்தில் படத்தில் இல்லாத பகுதிகளையும் சேர்த்திருந்தார், படத்தின் வசனங்களையும் இசைக்கு இடையே விட்டிருந்தார். ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ரொம்ப நெருக்கமான ஆல்பம்.

சரி, இப்போது வீடியோ கேமுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சினிமாவில் ஒரு காட்சி மூன்று நிமிடம் என்றால் இசையும் மூன்று நிமிடம். விளையாட்டில் அப்படி இல்லை. ஆடுபவர் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து ஒரு நிமிடத்தில் வெளியேறலாம், ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். அதனால் இசை முடிவில்லாமல் வட்டமாகச் சுற்றி வரும்படி எழுதப்படும். அதை ஆல்பமாக்கும்போது எங்கே முடிப்பது? இரண்டு சுற்று ஓடவிட்டு மெல்ல ஒலியைக் குறைத்து முடிப்பது வழக்கம்.

ஜப்பானில் 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமா வேறு வழியில் போனார். அப்போது அவருக்கு வயது 55. விளம்பரங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்துப் பெயர் வாங்கியவர். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் கணினி விளையாட்டு ஒன்றை ஆடிவிட்டு, கருத்தை அஞ்சலட்டையில் எழுதி அதன் நிறுவனத்துக்கு அனுப்பினார். அதைப் பார்த்து அவர்கள் தொடர்புகொண்டதில்தான் இந்த வாய்ப்பு வந்தது. படம், கதை, இசை எல்லாம் சேர்ந்து அந்த விளையாட்டின் மொத்த அளவே 64 கிலோபைட்தான். அந்தக் காலத்து ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவியில் மெட்டுக்கு இரண்டு குரல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய தனித்தனி ஒலிகள், அடியில் ஒன்று, தாளத்துக்கு இரைச்சல், அப்புறம் பதிவு செய்த சிறு ஒலிகளுக்கு ஒன்று, அவ்வளவுதான். சுகியாமா அந்தச் சில குரல்களுக்குள் எழுதும்போதே முழு வாத்தியக்குழுவை மனதில் கேட்டவர். அதே ஆண்டு வாத்தியக்குழு வாசித்த இசைக்கோவையாக ஆல்பம் போட்டார். அடுத்த ஆண்டே டோக்கியோவில் கச்சேரி நடத்தினார். அரண்மனைக்கான இசையைக் கேளுங்கள். கருவிக்குள் ஒல்லியாக ஒலித்த அதே மெட்டை ஆல்பத்தில் வயலின்கள் பழைய ஜெர்மானிய இசை மேதை பாக் காலத்து நடையில் எடுத்து வாசிக்கும்போது, அது முதலிலிருந்தே இப்படித்தான் இருந்ததோ என்று தோன்றும்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அந்த விளையாட்டின் முகப்பு இசையோடுதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சுகியாமா 90ஆம் வயதில் காலமானார்.

இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2012இல் வந்த 'ஜர்னி'. வசனமே இல்லாத விளையாட்டு. அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தைக் கடந்து, தூரத்தில் ஒளி தெரியும் மலையை நோக்கி நடக்கிறது. இசை ஆஸ்டின் வின்டோரி. முதல் ட்ராக்கில் டினா குவோவின் செல்லோ தனியாக ஒரு மெட்டை வாசிக்கும். ஆல்பம் முழுவதும் அந்த மெட்டின் வளர்ச்சிதான். விளையாட்டுக்குள் ஆடுபவரின் நடைக்குத் தக்கபடி மாறும் இசையை, ஆல்பத்தில் ஒரே ஓட்டமாகக் கோத்திருக்கிறார்கள். கிராமியில் படங்களோடு ஒரே பிரிவில் போட்டியிடப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ கேம் ஆல்பம் இதுதான். விளையாட்டுகளுக்கெனத் தனி கிராமி வந்தது 2023இல்தான். கடைசிப் பாட்டில் லத்தீன், கிரேக்கம், பழைய ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு என ஐந்து மொழிகளின் பழைய வரிகளைக் கோத்து லிஸ்பெத் ஸ்காட் பாடுகிறார்.

கேட்க விரும்பும் நேயர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். விளையாடியிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஹெட்போன் போட்டு, ட்ராக்குகளின் வரிசையை மாற்றாமல், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிடித்திருந்தால் அடுத்தது 'டிராகன் குவெஸ்ட்' சிம்பொனி, அப்புறம் 1977இன் 'ஸ்டார் வார்ஸ்'. மான்சினியை மட்டும் ராத்திரியில் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.